திரைக்கு முன்னால் உள்ளவை: உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு மாறும் முறை

வீட்டுத் தொலைக்காட்சியை மாற்றும் முடிவு பெரும்பாலும் கடையில்தான் உறுதிப்படுகிறது. ஆயினும் கடைச் சுவரில் வரிசையாக ஒளிரும் திரைகளில் ஓடுவது, தயாரிப்பு நிறுவனம் தன் பெட்டியின் மேன்மையைக் காட்டுவதற்கென்றே படம்பிடித்து, தரம் கெடாதபடி பென்டிரைவில் பதிந்து அனுப்பிய காட்சியாகும். வீட்டுக்கு வந்தபின் அதே திரையில் ஓடப்போவது மாலை நேர நெடுந்தொடரும், காலை முதல் இரவு வரை அணையாத செய்தி அலைவரிசையும், ஞாயிற்றுக்கிழமைப் பழைய படமும் ஆகும். கடையில் கண்ட தெளிவு வீட்டில் இல்லையே என்ற மனக்குறை எழும்போது பழி பெட்டியின் மேல் விழுகிறது. ஆனால் குறை பெரும்பாலும் பெட்டிக்கு வந்துசேரும் காட்சியில் இருக்கிறது.

படப்பிடிப்புக் கருவி, ஒளிபரப்பு நிலையம், கேபிள் அல்லது டிஷ், செட்டாப் பாக்ஸ், அதைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஒயர், தொலைக்காட்சியின் அமைப்புகள், இறுதியாகப் பார்ப்பவரின் கண் என ஒரு காட்சி ஏழு படிகளைக் கடந்து வருகிறது. இவற்றுள் எந்தப் படியில் விவரம் குறைந்தாலும் அடுத்த படி அதை மீட்டுத் தர இயலாது. ஆகவே செலவைத் தொடங்க வேண்டிய இடம் கடையா, வீட்டிலிருக்கும் செட்டாப் பாக்ஸின் பின்புறமா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இந்த அத்தியாயமும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

எண்களும் அவற்றின் பொருளும்

டிஜிட்டல் படம் என்பது படப்புள்ளிகள் எனப்படும் நுண்ணிய வண்ணச் சதுரங்களின் தொகுப்பு; அகலத்தில் எத்தனை புள்ளிகள், உயரத்தில் எத்தனை வரிகள் என்ற கணக்கே தெளிவுத்திறன் எனப்படுகிறது. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில் பயன்பட்ட 625 வரி முறையில் கண்ணுக்குத் தெரிந்தவை 576 வரிகளே. 1982இல் வண்ணம் வந்தபோதும் இந்த வரிக்கணக்கு மாறவில்லை. இன்றும் சாதாரணத் தெளிவு, அதாவது எஸ்டி, என்று வழங்கப்படும் அலைவரிசைகள் 720க்கு 576 என்ற அதே சட்டகத்துக்குள்தான் இருக்கின்றன. இதன் மொத்தப் புள்ளிகள் ஏறத்தாழ 4 லட்சத்து 15 ஆயிரம். முழு எச்டி எனப்படும் 1920க்கு 1080 அளவில் புள்ளிகள் 20 லட்சத்து 73 ஆயிரத்துக்கும் மேல். 4கே எனப்படும் 3840க்கு 2160 அளவில் ஏறத்தாழ 83 லட்சம்.

இந்த எண்களை ஒன்றோடொன்று வகுத்துப் பார்த்தால் கடைக்காரர் சொல்லாத ஓர் உண்மை வெளிப்படும். 4கே திரையின் புள்ளிகள் எஸ்டி படத்தின் புள்ளிகளைப் போலச் சரியாக 20 மடங்கு. எனவே எஸ்டி அலைவரிசையை 4கே திரையில் போடும்போது, ஒவ்வொரு 20 புள்ளிகளிலும் ஒன்றுக்கு மட்டுமே நிலையத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது, மீதி 19 புள்ளிகளைத் தொலைக்காட்சிக்குள் இருக்கும் சில்லு அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. அப்ஸ்கேலிங் எனப்படும் இந்த ஊகம் விலையுயர்ந்த பெட்டிகளில் சற்று நாகரிகமாகவும் மலிவானவற்றில் மாவு பூசியது போலவும் இருக்கும். எதிலும் அது ஊகமே. பழைய 21 அங்குலப் படக்குழாய்ப் பெட்டியில் நன்றாக இருந்த நெடுந்தொடர், புதிய 55 அங்குலத்தில் முகமெல்லாம் மெழுகாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். 2012இல் பெருநகரங்களிலிருந்து தொடங்கி கேபிள் ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாற்றப்பட்டபோது, டிஜிட்டல் என்றாலே எச்டி என்ற எண்ணம் பல வீடுகளில் படிந்துவிட்டது. டிஜிட்டல் என்பது காட்சி அனுப்பப்படும் முறை. எச்டி என்பது அனுப்பப்படும் காட்சியின் அளவு. செட்டாப் பாக்ஸ் இருக்கும் வீட்டில் எஸ்டி மட்டுமே ஓடிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். அதுபோலவே 32 அங்குலப் பெட்டிகளின் அட்டையில் காணப்படும் எச்டி ரெடி என்ற சொல் முழு எச்டியைக் குறிப்பதன்று. அவற்றில் பல 1366க்கு 768 புள்ளிகள் கொண்டவை, அதாவது முழு எச்டியில் ஏறத்தாழப் பாதி.

படிகளின் தொடக்கத்தில் இருப்பது படப்பிடிப்பு. இங்கு வயதுக்கும் தெளிவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்ட திரைப்படம், அதன் மூலச்சுருள் கெடாமல் இருந்தால், இன்றைய உயர்தெளிவுக்குப் போதுமான விவரத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது. 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வர முடிந்தது அதனால்தான். மாறாக, 1990களில் வீடியோ நாடாவில் எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடர் பிறக்கும்போதே 576 வரிகளோடு பிறந்தது. அதை எந்தத் திரையில் போட்டாலும் அதற்குமேல் விவரம் வராது. ஆகவே நன்கு புதுப்பிக்கப்பட்ட ஒரு சிவாஜி படம், அதற்கு முப்பது ஆண்டுகள் பிந்திய தொடரைவிடக் கூர்மையாகத் தெரிந்தால், தொலைக்காட்சி ஒழுங்காக வேலை செய்கிறது என்றே பொருள்.

செட்டாப் பாக்ஸின் பின்புறம்

செலவில்லாமல், அல்லது மிகச் சிறிய செலவில், கிடைக்கும் மேம்பாடு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏவி ஒயரில் மஞ்சள் முனை ஒன்றே முழுப் படத்தையும் சுமக்கிறது. எஸ்டிக்கு மேற்பட்ட எதையும் அதனால் கொண்டுசெல்ல இயலாது. எச்டி பாக்ஸும் எச்டி சந்தாவும் 4கே தொலைக்காட்சியும் இருந்தும், பழைய பெட்டியிலிருந்து பிடுங்கிய ஏவி ஒயரையே நிறுவியவர் புதிய பெட்டியிலும் மாட்டிவிட்டுப் போயிருந்தால், மாதந்தோறும் எச்டிக்குக் கொடுக்கும் பணம் அந்த மஞ்சள் முனையிலேயே நின்றுவிடுகிறது. படத்தையும் ஒலியையும் டிஜிட்டலாகவே கொண்டுசெல்லும் எச்டிஎம்ஐ ஒயர்தான் இதற்குத் தீர்வு. டிஜிட்டல் குறியீடு முழுமையாக வந்துசேரும் அல்லது படம் புள்ளிபுள்ளியாக மின்னி அறுபடும், இடைப்பட்ட நிலை அதில் இல்லையாதலால், ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தங்கமுலாம் பூசிய ஒயரை நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ஒயர் சரியாக இருந்தாலும் பாக்ஸின் அமைப்புகளில் படத்தின் வெளியீட்டளவு 576 வரிகளிலேயே விடப்பட்டிருக்கலாம். தொலைக்காட்சியின் ரிமோட்டில் இன்ஃபோ அல்லது அதற்கு நிகரான பொத்தானை அழுத்தினால், உள்ளே வரும் படத்தின் அளவு பல பெட்டிகளில் திரையின் மூலையில் சில விநாடிகள் தோன்றும். அதில் 576 என்று இருந்தால், பாக்ஸின் ரிமோட்டை எடுத்து அமைப்புகளுக்குள் சென்று 1080 ஆக்க வேண்டும். எண்ணுக்குப் பின் வரும் ஐ என்ற எழுத்து, படம் ஒன்றுவிட்டொரு வரியாக இரு தவணைகளில் வருவதைக் குறிக்கும். பி என்பது எல்லா வரிகளும் ஒருசேர வருவதைக் குறிக்கும். எச்டி அலைவரிசைகள் பெரும்பாலும் 1080 ஐ முறையிலேயே ஒளிபரப்பாகின்றன. தவணைகளைக் கோத்து முழுப்படமாக்கும் பணியை இன்றைய தொலைக்காட்சிகள் நன்றாகவே செய்வதால் இவ்விரண்டில் எதை வைத்தாலும் பெரிய இழப்பு இல்லை.

அடுத்தது எண் பழக்கம். ஒரே அலைவரிசை எஸ்டியாக ஓர் எண்ணிலும் எச்டியாக வேறோர் எண்ணிலும் வருகிறது. இரண்டுக்கும் கட்டணமும் தனித்தனி. எச்டிக்குச் சந்தா கட்டிய பிறகும் வீட்டுப் பெரியவர்களின் விரல் பத்தாண்டுகளாக அழுத்திய பழைய எண்ணையே அழுத்தும். அதில் தவறில்லை, எச்டி எண்களை ரிமோட்டின் விருப்பப் பட்டியலில் ஏற்றிவைக்காததுதான் தவறு. எச்டி கிடைத்த அலைவரிசைகளின் எஸ்டி பிரதியைச் சந்தாவிலிருந்து நீக்கிவிடச் சொல்லிக் கேபிள்காரரிடம் கேட்டால், பழைய எண்ணில் படமே வராது. பழக்கம் ஒரு வாரத்தில் மாறிவிடும், கட்டணமும் சற்றுக் குறையும்.

இணையவழிக் காட்சிகளில் கணக்கு வேறு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் முழு எச்டிக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தையும் 4கே காட்சிக்கு 15 மெகாபிட் வேகத்தையும் பரிந்துரைக்கிறது. 4கே காட்சி ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை தரவை எடுத்துக்கொள்ளும், மேலும் அது அந்நிறுவனத்தின் உச்சக் கட்டணத் திட்டத்தில் மட்டுமே கிடைக்கிறது. இணைப்பில் 100 மெகாபிட் இருந்தும் படம் மங்கலாகத் தொடங்கிப் பின் தெளிந்து மீண்டும் மங்கினால், மோடம் முன்னறையிலும் தொலைக்காட்சி இரண்டு செங்கற்சுவர் தாண்டி உள்ளறையிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவரைக் கடப்பதில் பலவீனமானது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நெடுந்தூரம் செல்லும், ஆனால் அடுக்குமாடியில் அண்டை வீட்டாரின் வைஃபை அனைத்தும் அதிலேயே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். சுவரோரமாக ஒரு லேன் ஒயரை இழுத்துவிடுவது இவ்விரண்டு தொல்லையையும் ஒரே நாளில் தீர்க்கும்.

கண்ணும் தொலைவும்

கடைசிப் படியான கண்ணுக்கும் எல்லை உண்டு. பார்வை சரியாக உள்ள ஒருவரால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறிய முடியும் என்பது கண் மருத்துவர் சுவரில் மாட்டும் எழுத்து அட்டைக்கும் அடிப்படையான அளவு. இதைக் கொண்டு கணக்கிட்டால், எஸ்டி படத்தின் வரிகள் திரை உயரத்தின் 6 மடங்குத் தொலைவிலும், முழு எச்டி வரிகள் 3.2 மடங்கிலும், 4கே வரிகள் 1.6 மடங்கிலும் கண்ணுக்குக் கரைந்துவிடுகின்றன. 43 அங்குலத் திரையின் உயரம் 21 அங்குலம்; எனவே அதன் எஸ்டி படம் பத்தரை அடிக்கு அப்பால்தான் உறுத்தாமல் இருக்கும், முழு எச்டி ஐந்தரை அடிக்கு மேல் நிறைவாக இருக்கும், 4கேயின் கூடுதல் விவரம் தெரிய அந்த ஐந்தரை அடிக்குள் வந்து உட்கார வேண்டும்.

தமிழ்நாட்டு நடுத்தர வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே எட்டு அல்லது ஒன்பது அடி இருப்பதாகக் கொண்டால், முழு எச்டிக்கு மேற்பட்ட விவரத்தைக் கண் உணர ஏறத்தாழ 70 அங்குலத் திரை தேவைப்படும். இதனால் 4கே வாங்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 43 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெட்டிகள் இப்போது பெரும்பாலும் 4கேயாகவே வருவதால் அது தானாகவே கிடைத்துவிடும். 4கே என்ற எழுத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை, அந்தப் பணம் திரையின் ஒளிக்கும் கருமைக்கும் போனால் எட்டடியிலிருந்தும் தெரியும் என்பதே இங்கு சொல்லத்தக்கது. 8கே பற்றி ஒரு வரி போதும்: வீட்டுக் கூடத்துக்கு அது தேவையில்லை, அதில் பார்க்க நிகழ்ச்சிகளும் இல்லை.

அளவைத் தீர்மானிக்க, நாளிதழ்த் தாள்களை ஒட்டி உண்மை அளவில் ஒரு சட்டகம் செய்து சுவரில் பொருத்திப் பார்ப்பது கடையில் நிற்பதைவிட நம்பகமானது: 43 அங்குலத்துக்கு அகலம் 37½, உயரம் 21 அங்குலம், 55 அங்குலத்துக்கு அகலம் 48, உயரம் 27. இரண்டு நாள் அந்தத் தாள் சுவரில் இருந்தால், சன்னல் திறக்க இடிக்கிறதா, பழைய ஷோகேஸின் மாடத்துக்குள் அடங்குமா, பூசை அலமாரிக் கதவு தட்டுகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். உயரத்தில்தான் பெரும்பாலான வீடுகள் பிழை செய்கின்றன. சோபாவில் அமர்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 100 சென்டிமீட்டரிலும், பாயில் அமர்ந்தவரின் கண் அதைவிட ஒரு சாண் கீழேயும் இருக்க, திரையைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. விளைவாகக் கழுத்து வலிப்பதோடு, கீழிருந்து சாய்வாகப் பார்க்கும்போது சில வகைத் திரைகளில் நிறமும் வெளிறுகிறது.

திரையின் வகைகள்

நிறம் வெளிறும் அந்தச் சில வகை எவை என்பதற்குத் திரையின் உள்ளமைப்பைச் சற்று அறிய வேண்டும். கடைகளில் எல்இடி டிவி என்று விற்பது உண்மையில் எல்சிடி திரையே. திரவப் படிகங்களாலான ஒரு தட்டு ஒளியைத் தடுத்தும் விட்டும் படம் வரைய, அதற்குப் பின்னால் எல்இடி விளக்குகள் எரிகின்றன. எல்சிடி தட்டில் ஐபிஎஸ், விஏ என்று இரு முக்கிய வகைகள் உண்டு. ஐபிஎஸ் தட்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது, ஆனால் இரவுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ தட்டின் கறுப்பு ஆழமானது, ஆனால் பக்கவாட்டில் அமர்ந்தவருக்கு நிறம் மங்கும். விளக்கணைத்து நேர் எதிரே இருவர் படம் பார்க்கும் வீட்டுக்கு விஏ பொருந்தும். சோபா, பாய், ஊஞ்சல், சமையலறை வாசல் என நான்கு திசையிலிருந்தும் ஆட்கள் பார்க்கும் கூட்டுக் குடும்பத்துக்கு ஐபிஎஸ் தட்டே சண்டையைத் தவிர்க்கும். அட்டையில் இது அச்சிடப்பட்டிருப்பது அரிது. கடையில் ஓர் இருண்ட காட்சியைப் போடச் சொல்லி, பக்கவாட்டில் நான்கு எட்டு நகர்ந்து பார்த்தால் புரிந்துவிடும்.

கியூஎல்இடி என்பதும் எல்சிடிதான். பின்னொளியின் முன் குவாண்டம் புள்ளிகள் எனும் மிக நுண்ணிய துகள்களின் படலம் வைத்து நிறத்தைத் தூய்மையாக்குகிறார்கள். மினி எல்இடியில் பின்னொளி விளக்குகள் மிகச் சிறியனவாக, பல மண்டலங்களாகப் பிரிந்து, இருண்ட பகுதிக்குப் பின்னுள்ளவை மட்டும் தணிகின்றன. ஓஎல்இடியில் பின்னொளியே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கறுப்பு உண்மையான கறுப்பாக இருப்பது அதில்தான். ஆனால் அலைவரிசையின் சின்னமும் செய்தி ஓடும் பட்டையும் ஒரே இடத்தில் நாள் முழுதும் நின்றால், அப்புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்து, நாளடைவில் அச்சின்னத்தின் நிழல் திரையில் தங்கிவிடும் வாய்ப்பு உண்டு. காலையில் போட்ட செய்தியை இரவில்தான் அணைக்கும் வீடுகளுக்கு, விலை எட்டினாலும் ஓஎல்இடி ஏற்றதன்று.

எச்டிஆர் என்ற முத்திரையைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. மிகுந்த ஒளியும் மிகுந்த இருளும் ஒரே சட்டகத்தில் விவரம் கெடாமல் தெரிவதே இதன் நோக்கம். தீபத்தின் சுடரும் அதன் பின்னுள்ள இருண்ட தூணின் செதுக்கலும் சேர்ந்தே தெரிய வேண்டும். ஒளியின் செறிவை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். 300 நிட் அளவில் நின்றுவிடும் மலிவான திரையும் எச்டிஆர் குறியீட்டை ஏற்றுக்கொள்ளும், முத்திரையும் ஒட்டிக்கொள்ளும்; சுடரை மட்டும் காட்ட இயலாது. பெட்டியின் விவரத்தாளில் உச்ச ஒளி எத்தனை நிட் என்ற எண் இல்லையென்றால், அதைச் சொல்ல நிறுவனத்துக்கு விருப்பமில்லை என்று கொள்வதே பாதுகாப்பானது.

நிறுவிய பின்

புதிய பெட்டி பெரும்பாலும் கடைக்கேற்ற அமைப்பிலோ, அதை ஒத்த விவிட் எனும் அமைப்பிலோ ஒளிரத் தொடங்குகிறது. வெள்ளை வேட்டி நீலமாகவும் முகங்கள் ஆரஞ்சாகவும் இருந்தால் காரணம் இதுவே. சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்ற அமைப்புக்கு மாற்றியதும் படம் மஞ்சளித்துச் சோர்ந்துவிட்டதாக முதல் நாள் தோன்றும். மூன்றாம் நாள் பழைய அமைப்புக்குத் திரும்பினால் அதன் நீலம் கண்ணைக் குத்தும். கூர்மைக்கான அளவை ஏறத்தாழ அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். அது விவரத்தைக் கூட்டுவதில்லை, விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு மட்டுமே போடுகிறது. அசைவை வழுவழுப்பாக்கும் வசதி, விநாடிக்கு 24 சட்டகங்களில் எடுத்த திரைப்படத்தின் இடையிடையே கற்பனைச் சட்டகங்களைச் செருகி, பெரிய படத்தையும் நெடுந்தொடர் போலக் காட்டும். கிரிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், திரைப்படத்துக்கு அணைத்துவிட வேண்டும்.

செய்திப் பட்டையின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டால் படத்தின் ஓரங்களைத் தொலைக்காட்சி தானே பெரிதாக்கி மறைக்கிறது என்று பொருள். அளவு அமைப்பில் திரைக்குப் பொருத்து என்ற பொருள் தரும் தேர்வு அதைச் சரிசெய்யும். பழைய படங்கள் 4க்கு 3 என்ற சதுரம் ஒத்த சட்டகத்தில் வந்தால் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் இருப்பதே முறை. பணம் கொடுத்த திரை வீணாகிறதே என்று இழுத்து நிரப்பினால் நடிகர்கள் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள்.

இன்றைய பெட்டிகள் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குவதால் தனி ஸ்டெபிலைசர் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மின்னல் மின்சார ஒயர் வழியாக மட்டுமன்றிக் கேபிள் ஒயர் வழியாகவும் வரும். பிளக்கைப் பிடுங்குபவர்கள் கேபிளையும் கழற்றிவைப்பது நல்லது.

பழைய படக்குழாய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். அணைத்து நெடுநேரம் ஆன பின்னும் குழாயில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும், அதன் கண்ணாடியில் ஈயமும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும். அதற்கு முன் பரணில் திருமண வீடியோ கேசட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விசிஆர் தயாரிப்பில் கடைசியாக எஞ்சியிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் அதை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையிலுள்ள கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன, நாடாவில் பூஞ்சையும் ஏறிக்கொண்டிருக்கிறது. கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்றித் தரும் கடைகளில், படத்தை அகலத் திரைக்கு இழுக்காமல் 4க்கு 3 சட்டகத்திலேயே பதியச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மணமக்களும் பந்தியில் இருப்போரும் பருத்தபடியே கோப்பில் நிலைத்துவிடுவார்கள்.